காலித் தொட்டியோடு திரும்பிய பிக்அப்: ஒன்டாரியோ குளிர்காலத்துக்கு ஒரு வண்டியைத் தயார் செய்தது குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த வண்டியின் உரிமையாளர் கோவைப் பக்கத்துக்காரர், நாற்பதை நெருங்கும் வயது. டொரொன்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில் குடும்பத்தோடு இருக்கிறார். சமையலறை அலமாரி பொருத்துவதும் டைல்ஸ் போடுவதும் தொழில். கனடாவில் மூன்று குளிர்காலம் வண்டி ஓட்டியவர்தான், ஆனால் எல்லாம் நகருக்குள். நகரில் பனி விழ விழ உப்பு போட்டுவிடுவார்கள். பெரும்பாலான நாட்களில் சக்கரத்துக்கு அடியில் இருப்பது ஈரமான தார்தான்.

அந்த ஆண்டு இலையுதிர்காலத்தில் ஹன்ட்ஸ்வில்லில் ஏரிக்கரை வீடு ஒன்றைப் புதுப்பிக்கும் வேலை கிடைத்தது. திங்கள் விடியற்காலை கிளம்பி, 400-ஆம் நெடுஞ்சாலையில் பாரி வரை, அங்கிருந்து 11-ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே. வெள்ளி மாலை அதே வழியில் திரும்புவார். ஒரு வழிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல்.

இந்தத் தடத்துக்கு மேற்கே ஜார்ஜியன் விரிகுடா. குளிர்காலத் தொடக்கத்தில் அதன் தண்ணீர் இன்னும் உறைந்திருக்காது. வடமேற்கிலிருந்து வரும் கடுங்குளிர்க் காற்று அந்தத் தண்ணீரின் மேல் கடக்கும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து, கரையேறியதும் குறுகலான பட்டைகளாகக் கொட்டும். இங்கே ஸ்குவால் என்பார்கள். ஒரு இடத்தில் வெயில் அடிக்கும். சில நிமிட ஓட்டத்தில் முன்னால் போகும் வண்டியே தெரியாது. டொரொன்டோ வானிலையைப் பார்த்துவிட்டுக் கிளம்புகிறவருக்கு இது பிடிபடவே பிடிபடாது.

வண்டி 2014 மாடல், அரை டன் வகை பிக்அப். எட்டு சிலிண்டர், நான்கு கதவு, பின்னால் சுமை ஏற்ற ஐந்தரை அடித் தொட்டி. சாதாரணமாகப் பின்சக்கரங்கள் மட்டும் இழுக்கும். குமிழைத் திருப்பினால் ஃபோர் ஹை, அதாவது நான்கு சக்கரமும் இழுக்கும். எஞ்சின், கியர்பாக்ஸ், கேபின் எல்லாம் முன்பக்கம் இருப்பதால், தொட்டி காலியாக இருக்கும்போது எடையில் ஏறக்குறைய ஆறு பங்கு முன் அச்சிலும் நான்கு பங்கு பின் அச்சிலும் விழும். இழுக்கிற சக்கரங்கள் மேல்தான் எடை குறைவு.

திங்கட்கிழமை அவர் டைல்ஸ் பெட்டிகளோடும் பலகைகளோடும் போவார். வண்டி தரையோடு ஒட்டி நிற்கும். வெள்ளிக்கிழமை தொட்டியில் ஒரு கருவிப்பெட்டி மட்டும். போகும் வண்டியும் திரும்பும் வண்டியும் ஒன்றல்ல என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

நவம்பர் கடைசி வெள்ளி

மாலை ஐந்து மணிக்கு மேல், முழு இருட்டு. வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே நான்கு டிகிரி. சாலையில் இரண்டு விரல் உயரத்துக்குப் புதுப் பனி. ஃபோர் ஹை போட்டு மணிக்கு 90 கிலோமீட்டரில் வந்திருக்கிறார். வண்டி அசையாமல் இழுத்துக்கொண்டு வந்தது, அதனால் சாலை நன்றாக இருக்கிறது என்றே எடுத்துக்கொண்டார்.

பிரேஸ்பிரிட்ஜ் அருகே பெட்ரோல் போட வெளியேறும் வளைவில் இறங்கினார். வளைவுக்குள் போன பிறகுதான் வேகம் அதிகம் என்று தெரிந்து பிரேக் மிதித்தார். பிரேக் போட்டதும் எடை முன்னுக்குச் சாய்ந்தது. ஏற்கெனவே லேசான பின்பக்கம் இன்னும் லேசானது. டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு படபடவென்று மின்னியதை அவர் நினைவு வைத்திருக்கிறார். அது வண்டியை நேராகப் பிடிக்க முயலும் மின்னணுக் கட்டுப்பாட்டின் விளக்கு. சக்கரத்துக்குத் தரையில் பிடி இருந்தால்தானே அதுவும் எதையாவது செய்ய முடியும்? பின்பக்கம் வெளியே வீசி, வண்டி அரைச் சுற்று சுற்றி, பின்புறமாகப் பள்ளத்துப் பனிக்குள் இறங்கி நின்றது. யாருக்கும் அடி இல்லை. பின் பம்பர் மட்டும் வளைந்தது.

இழுவை வண்டி வர ஏறத்தாழ இரண்டு மணி நேரம். குளிருக்காக எஞ்சினை ஓடவிட்டு, கண்ணாடிகளை முழுக்க ஏற்றிவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தார். இழுவை வண்டிக்காரர் வந்ததும் முதலில் சங்கிலியை எடுக்கவில்லை. ஓடிவந்து ஜன்னலைத் தட்டி, "எஞ்சினை நிறுத்து, வெளியே வா" என்றார். புகைக்குழாய் முழுவதும் பனிக்குள் புதைந்திருந்தது. எஞ்சின் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு வெளியேற வழியில்லாமல் வண்டிக்கு அடியில் தேங்கி, கேபினுக்குள் ஏறக்கூடிய நிலை. அவருக்கு லேசான தலைவலி இருந்திருக்கிறது, பதற்றம் என்று நினைத்திருக்கிறார். அன்றைக்கு நடந்ததில் மிகப் பெரிய ஆபத்து சறுக்கல் அல்ல, இந்தக் காத்திருப்புதான் என்பது என் எண்ணம்.

கராஜில் பார்த்தவை

திங்கட்கிழமை நான் வேலை பார்க்கும் கராஜுக்கு வண்டியைக் கொண்டுவந்தார். வந்ததும் அவர் சொன்னது: "ஃபோர் வீல் போட்டுத்தானுங்கண்ணா வந்தேன். அப்புறம் எப்படிங்க சுத்துச்சு?"

முதலில் டயரைப் பார்த்தோம். பெரிய கட்டைகளாகப் பள்ளம் வெட்டிய ஆல் டெரெயின் டயர்கள். பார்க்க மலையே ஏறும் என்று தோன்றும். பக்கவாட்டில் எம் பிளஸ் எஸ் என்ற குறி இருந்தது. சேறுக்கும் பனிக்கும் ஏற்றது என்று பொருள் வரும் இந்தக் குறியை, பெரும்பாலும் பள்ளங்களின் வடிவத்தை வைத்தே போட்டுவிடுகிறார்கள். பனியில் சோதித்துத் தேறிய டயரில் மூன்று சிகரம் கொண்ட மலையும் அதனுள் ஒரு பனித்துகளும் பொறித்திருக்கும். அது இதில் இல்லை. வெப்பம் 7 டிகிரிக்குக் கீழே இறங்கினால் சாதாரண டயரின் ரப்பர் கெட்டிப்பட ஆரம்பிக்கும். அன்று காலை வெளியே நின்ற வண்டியின் டயர் கட்டையை நகத்தால் அழுத்தினேன், பதியவே இல்லை. பக்கத்தில் நின்ற இன்னொரு காரின் குளிர்கால டயரை அவரையே அழுத்திப் பார்க்கச் சொன்னேன். நகம் இறங்கியது. அரை மணி நேரம் பேசிப் புரியவைக்க வேண்டியது அந்த ஒரு நொடியில் முடிந்தது.

காற்றழுத்தம் பின்சக்கரங்களில் 52 பிஎஸ்ஐ. கோடையில் பாரம் ஏற்ற அடித்ததை அப்படியே விட்டிருக்கிறார். காலி வண்டிக்கு இது மிக அதிகம். டயர் நடுவில் புடைத்து, நடுப்பட்டை மட்டும் தரையில் படும். தேய்மானமும் அதையே சொன்னது: மிச்சமிருந்த பள்ளத்தின் ஆழம் ஓரத்தில் 7 மில்லிமீட்டர், நடுவில் 5.

பேட்டரியின் மேல் எழுதியிருந்த குளிர்த் தொடக்க மின்னோட்டம் 730 ஆம்பியர். சோதனைக் கருவி காட்டியது 410. இந்த அளவே பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரியில் பேட்டரி எவ்வளவு தர முடியும் என்பதைக் குறிப்பது. நல்ல பேட்டரியே அந்தக் குளிரில் தன் பலத்தில் பாதிக்கு மேல் இழந்துவிடும். எண்ணெயும் கெட்டிப்பட்டிருப்பதால் எஞ்சினைச் சுற்ற வழக்கத்தைவிட அதிக மின்சாரம் வேண்டும். ஹன்ட்ஸ்வில்லில் ஜனவரி இரவு முழுக்க வெளியே நின்றால் இந்தப் பேட்டரி காலையில் எழுந்திருக்காது.

எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் உறைநிலை பூஜ்யத்துக்குக் கீழே 22 என்று சோதனைக் கருவி காட்டியது. கோடையில் ஒரு ஹோஸ் கசிந்தபோது வெறும் தண்ணீர் ஊற்றி நிரப்பியிருக்கிறார். உறையாமல் தடுக்கும் கிளைக்காலும் தண்ணீரும் சரிபாதி இருந்தால் அது பூஜ்யத்துக்குக் கீழே 37 வரை தாங்கும். வைப்பர் தண்ணீர் கோடைக்கானது, குழாயிலேயே உறைந்து கிடந்தது.

கடைசியாக விளக்கு. இந்த மாடலில் பகல் நேரத்தில் முன்விளக்கு தானாக எரியும், பின்விளக்கு எரியாது. கனடாவில் 2021 செப்டம்பர் முதல் தயாரான வண்டிகளுக்குத்தான் இதைத் தடுக்கும் விதி வந்தது. பகல் ஸ்குவாலில் முன்னால் வெளிச்சம் தெரிவதால் ஓட்டுநர் எல்லாம் எரிகிறது என்று நினைப்பார். பின்னால் வரும் லாரிக்கோ வெள்ளைப் பனிக்குள் எந்த விளக்கும் தெரியாது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

பணத்துக்கு அளவு இருந்தது. அவர் மனதில் வேறு பட்டியலும் இருந்தது: கூரை மேல் ஒரு பெரிய விளக்குப் பட்டை, முன்பக்கம் இரும்பு பம்பர், பனியில் சக்கரத்தில் சுற்றும் ஒரு ஜோடி சங்கிலி. நான் அவரிடம் கேட்டது ஒன்றுதான்: அந்த வளைவில் இதில் எது உங்களை நிறுத்தியிருக்கும்? பிக்அப் வாங்குகிறவர்கள் எல்லோரும் கிளம்புவதைப் பற்றியே யோசிக்கிறார்கள். நான்கு சக்கர இயக்கம் கிளம்ப உதவும், ஏற உதவும், மாட்டிக்கொண்டால் வெளியே வர உதவும். பிரேக் மிதித்தால் எல்லா வண்டியிலும் நான்கு சக்கரமும்தான் பிடிக்கும். அங்கே ஃபோர் ஹையால் ஆவது ஒன்றுமில்லை. அதனால் நிறுத்துவதற்கும் திருப்புவதற்கும் உதவுவது முதலில், கிளம்ப உதவுவது அப்புறம் என்று வரிசை போட்டோம்.

டயரில் அவர் கேட்ட சலுகை, பின்னால் இரண்டு மட்டும் மாற்றலாமா என்பது. பின்னால் நல்ல பிடியும் முன்னால் கெட்டி ரப்பரும் இருந்தால் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேராகவே போகும். மாற்றிப் போட்டால் பின்பக்கம் முன்பைவிட மோசமாக வீசும். இரண்டு போடுவது அரைப் பாதுகாப்பு அல்ல, புது ஆபத்து. ஆகவே மலைக்குறி உள்ள நான்கு டயர்கள், தனி இரும்பு ரிம்மில். 18 அங்குலத்திலிருந்து 17 அங்குல ரிம்முக்கு இறங்கினோம். டயர் அளவு 275/65-க்குப் பதில் 265/70. வெளிச்சுற்று ஏறக்குறைய ஒன்றே, அகலம் கொஞ்சம் குறைவு, விலையும் குறைவு. தனி ரிம் என்பதால் ஆண்டுக்கு இருமுறை டயரைக் கழற்றி மாட்டும் செலவும் இல்லை.

ஒன்டாரியோவில் குளிர்கால டயர் கட்டாயமில்லை. பக்கத்து கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கட்டாயம். கட்டாயம் இல்லை என்பதால் தேவையில்லை என்று எடுத்துக்கொள்கிறவர்களே இங்கு அதிகம். ஆனால் 2016 முதல் ஒன்டாரியோவில் குளிர்கால டயர் போட்டால் காப்பீட்டில் தள்ளுபடி தர வேண்டும் என்பது விதி. அவர் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அடுத்தது எடை. மிச்சமான டைல்ஸ் பெட்டிகளைத் தொட்டியின் கடைசியில், பின்கதவை ஒட்டி அடுக்கிவிடலாம் என்றார். அது இரண்டு விதத்தில் தப்பு. பின் அச்சுக்கு அப்பால் வைக்கும் எடை நெம்புகோல் மாதிரி வேலை செய்து முன்பக்கத்தைத் தூக்கும், அப்புறம் ஸ்டியரிங் பிடிக்காது. கட்டாத பெட்டியோ, திடீரென்று நின்றால் கேபினின் பின்கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே வரும். கட்டுமானக் கடைகளில் இதற்கென்றே நீளக் குழாய் வடிவில் மணல் மூட்டை விற்கிறார்கள். 30 கிலோ மூட்டை நான்கு வாங்கி, பின் அச்சுக்கு நேர் மேலும் சற்று முன்னும் படுக்க வைத்தோம். நகராமல் இருக்க, சக்கர மேடுகளுக்கு இடையில் அளவெடுத்து ஒரு மரச் சட்டம் அடித்தார். தச்சு வேலைக்காரர், பத்து நிமிடத்தில் முடித்துவிட்டார். பாரம் ஏற்றும் நாளில் இந்த 120 கிலோவையும் ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் சுமை வரம்புக்குள் சேர்த்துக் கணக்குப் பார்க்கச் சொன்னேன். தொட்டியில் விழுந்த பனியை எடைக்காக அப்படியே விடலாமே என்று பலர் சொல்வார்கள். அந்தப் பனி உருகும், ஐஸ் பலகையாக உறையும், வேகத்தில் பறந்து பின்னால் வருகிறவர் கண்ணாடியில் விழும். மணல்தான் சரி. மாட்டிக்கொண்டால் சக்கரத்துக்கு அடியில் தூவவும் உதவும்.

பேட்டரி புதிது. கூலன்ட்டை முழுக்க வடித்துச் சரிபாதிக் கலவை. பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி வரை உறையாத வைப்பர் திரவம். காற்றழுத்தம் கதவுச் சட்டத்தில் குறித்திருந்த 35-க்கு. ஆறு டிகிரி குளிர் கூடினால் ஏறக்குறைய ஒரு பிஎஸ்ஐ குறையும் என்பதால் வாரம் ஒருமுறை, வண்டி ஓடுவதற்கு முன் அளக்க வேண்டும்.

முன் கிரில்லுக்குப் பின்னால் பிளாஸ்டிக் கட்டுப் போட்டு மடித்து வைத்திருந்த ஒரு பிளக்கைக் காட்டினேன். குளிரில் எஞ்சினைச் சூடாக்கி வைக்கும் பிளாக் ஹீட்டரின் வயர் அது. வண்டியை வாங்கிய நாளிலிருந்து அங்கேயே இருந்திருக்கிறது, அவருக்குத் தெரியாது. கிளம்புவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பு மின்சாரத்தில் செருகினால் போதும்; இரவு முழுக்கத் தேவையில்லை.

வண்டிக்குள் வைத்தவை: மண்வாரி, ஜம்பர் கேபிள், இழுவைப் பட்டை, போர்வை, மின்னும் எச்சரிக்கை விளக்கு, கொஞ்சம் தீனி, பனி பூட்ஸ். அவர் சாதாரண கேன்வாஸ் ஷூவோடுதான் அன்று பள்ளத்தில் இறங்கினார். மாட்டிக்கொண்டால் முதலில் புகைக்குழாயைச் சுற்றித் தோண்டுவது, ஒரு மணி நேரத்துக்குப் பத்து நிமிடம் மட்டும் எஞ்சினை ஓட்டுவது, அப்போது காற்று வராத பக்கத்து ஜன்னலைச் சற்றே திறந்து வைப்பது. பெட்ரோல் பாதி டேங்குக்குக் கீழே இறங்கவிடக் கூடாது.

காலி மைதானத்தில் ஒரு காலை

டிசம்பர் முதல் பனிக்குப் பிறகு ஒரு ஞாயிறு காலை, அனுமதி வாங்கி, பெரிய வாகன நிறுத்துமிடம் ஒன்றில் பழகிப் பார்த்தார். நானும் போயிருந்தேன். மணிக்கு 40 கிலோமீட்டரில் வந்து ஒரு விளக்குக் கம்பத்துக்கு நேரே பிரேக்கை முழுக்க அழுத்த வேண்டும். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ் வேலை செய்யும்போது பெடல் காலுக்கடியில் கடகடவென்று அதிரும். முதல் தடவை பயந்து காலை எடுத்துவிட்டார். எடுக்கக் கூடாது, விட்டு விட்டு மிதிக்கவும் கூடாது என்று சொன்னேன். சில தடவைக்குப் பிறகு கால் பழகிவிட்டது.

பிறகு அதே தடத்தில் ஒருமுறை பின்சக்கர இயக்கத்திலும் ஒருமுறை ஃபோர் ஹையிலும் நிறுத்திப் பார்த்தோம். கிளம்பியதில் பெரிய வித்தியாசம்: ஃபோர் ஹையில் சக்கரம் துளிகூட வழுக்காமல் பாய்ந்தது. நின்ற இடம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. இறங்கி வந்து இரண்டு தடத்தையும் பார்த்தவர் வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை.

காய்ந்த தாரில் ஃபோர் ஹை போட வேண்டாம் என்பதும் அன்று பேசியதுதான். இந்த மாதிரி வண்டியில் முன் அச்சும் பின் அச்சும் பூட்டிக்கொள்கின்றன. வளைவில் அவை வெவ்வேறு வேகத்தில் சுற்ற வேண்டும். பனியில் சக்கரம் கொஞ்சம் சறுக்கிச் சமாளிக்கும். காய்ந்த சாலையில் அந்த முறுக்கு கியர்கள் மேல் ஏறும்.

அதன் பிறகு

டயர் மாட்டி நூறு கிலோமீட்டர் ஓடியதும் திரும்ப வரச் சொல்லியிருந்தேன். நட்டை அளவாக முறுக்கும் டார்க் ரெஞ்ச் வைத்துப் பார்த்ததில் இரண்டு சக்கர நட்டு கால் சுற்று உள்ளே போனது. புது ரிம்மில் இது வழக்கம்தான். இதைப் பார்க்காமல் விட்டுச் சக்கரம் கழன்று ஓடிய வண்டிகள் எங்கள் கராஜுக்கு வந்திருக்கின்றன.

ஜனவரியில் ஹன்ட்ஸ்வில்லில் ஒரு இரவு பூஜ்யத்துக்குக் கீழே 31 வரை போனது. விடியற்காலை மூன்று மணிக்கு அலாரம் வைத்து எழுந்து ஹீட்டரைச் செருகினார். ஏழு மணிக்கு முதல் சாவித் திருப்பிலேயே எஞ்சின் பிடித்தது. அன்று ஓட்டுநர் பக்கக் கதவுப் பூட்டு உறைந்து, பயணிப் பக்கம் வழியாக உள்ளே ஏற வேண்டியிருந்தது. நாங்கள் யோசிக்காத ஒன்று. இப்போது பூட்டில் கிராஃபைட் தூள் போடுகிறார்.

அதே மாதத்தில் ஒரு வெள்ளி மதியம், ஒரில்லியாவுக்கும் பாரிக்கும் இடையே ஸ்குவாலுக்குள் நுழைந்தார். விளக்குக் குமிழை முழுவதும் திருப்பிப் பின்விளக்கை எரியவைத்து, 50-க்கு இறங்கி, முன்வண்டியோடு ஆறு நொடிக்குக் குறையாத இடைவெளி விட்டு வந்திருக்கிறார். திடீரென்று முன்னால் ஒரு கார் சுற்றிக் குறுக்கே நின்றது. பிரேக்கை அழுத்தினார், பெடல் அதிர்ந்தது, காலை எடுக்கவில்லை. வண்டி நேராக வந்து, காருக்கு இரண்டு வண்டி நீளம் முன்பு நின்றது. தொட்டி அன்றும் காலிதான், மணல் மட்டும். பின்பக்கம் வீசவே இல்லை என்று அன்றிரவே போனில் சொன்னார். எனக்கு அன்று மனம் நிறைந்திருந்தது.

பிப்ரவரியில் இன்னொரு வெள்ளி, கிளம்பும் முன் சாலை நிலவரம் சொல்லும் ஒன்டாரியோ 511-ல் பார்த்தபோது 11-ஆம் நெடுஞ்சாலையில் ஒரு பகுதியை மூடியிருந்தார்கள். ஹன்ட்ஸ்வில்லிலேயே தங்கிச் சனிக்கிழமை வந்தார். அந்தக் குளிர்காலத்தில் எடுத்த முடிவுகளில் இதையும் டயருக்குச் சமமாகவே வைப்பேன்.

மாற்ற வேண்டியவை

டயரை நவம்பர் கடைசியில் தேடியதால் அவர் கேட்ட அளவில் இருப்பு குறைவு, பொருத்த நேரம் கிடைப்பதும் கஷ்டம். செப்டம்பரிலேயே முடித்துவிடலாம். பனிக்கு 4 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்த டயர் ஆகாது என்பது கனடாவின் போக்குவரத்துத் துறை சொல்வது. ஒன்டாரியோவின் சட்ட வரம்பான 1.5 மில்லிமீட்டரை நம்பி இருந்தால் போதாது. வசந்தத்தில் கழற்றும்போதே அளந்து, ரிம்மில் சாக்பீஸால் எழுதி வைக்கிறோம்.

மணல் மூட்டை ஒன்று குளிரில் கிழிந்து, கொட்டிய மணல் ஈரத்தோடு உறைந்து தொட்டியில் பாறையாக ஒட்டிக்கொண்டது. அடுத்த முறை ஒவ்வொன்றையும் தடித்த பிளாஸ்டிக் உறைக்குள் போட வேண்டும்.

நாங்கள் முழுக்க விட்டுவிட்டது ஸ்டெப்னி. தொட்டிக்கு அடியில் ஒரு கம்பிவடத்தில் தொங்கும். மார்ச்சில் இறக்கிப் பார்த்தபோது உப்பில் துருப்பிடித்து வடம் இறங்கவில்லை, வெட்டித்தான் எடுத்தோம். நெடுஞ்சாலையில் பஞ்சர் ஆகியிருந்தால் ஸ்டெப்னி இருந்தும் பயனில்லாமல் போயிருக்கும். புது வடம் மாட்டி, இலையுதிர்காலத்தில் அடிப்பாகம் முழுக்கத் துரு தடுப்பு எண்ணெய் அடிக்கும்போது அதற்கும் சேர்த்து அடிப்பதாக முடிவு.

அடுத்த குளிர்காலத்துக்கு பிரேஸ்பிரிட்ஜில் ஒரு வேலை பேசியிருக்கிறார். விலைப்பட்டியலிலேயே இரண்டு வரி சேர்த்துவிட்டார்: வெள்ளிக்கிழமை வேலை மதியம் ஒரு மணிக்கு முடியும், சாலை மூடியிருந்தால் ஓரிரவு தங்கும் செலவு வாடிக்கையாளருடையது. வாடிக்கையாளர் மறு பேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.